ஐயாவின் இரட்டைக்குழல்: பேரல், சோக், தோட்டா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவில் ஒரு ஊரில். ஐயா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி இப்போது என் பெயரில், உரிமத்தோடு இருக்கிறது. 11 ஆண்டு டெக்சாஸில் வேலை பார்த்தபோது அங்கே முறைப்படி லைசென்ஸ் எடுத்துப் புறாவும் வாத்தும் சுட்டிருக்கிறேன். ஊர் திரும்பியபின் பறக்கவிட்டுச் சுடுகிற கிளே (களிமண்) தட்டுகளோடு சரி. இதெல்லாம் தெரிந்த ஆள் என்று பெயராகிவிட்டதால், படைப்பு வீடானாலும் கல்யாண வீடானாலும் யாராவது ஒருவர் என்னை முகப்புக்கு ஓரமாகக் கூட்டிப்போய் இந்தக் கேள்விகளில் ஒன்றைக் கேட்கிறார். எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

நம் ஊரில் வேட்டைக்குப் போகலாமா?

கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது சில விலங்குகளுக்கு லைசென்ஸ் வாங்கிச் சுட வழி இருந்தது. 1991 திருத்தத்தோடு அதுவும் போயிற்று. கண்மாயில் நாரை, பொட்டலில் முயல், புதரில் கவுதாரி, எதைச் சுட்டாலும் குற்றம். மயிலைத் தொட்டால் தண்டனை இன்னும் கடுமை. "துப்பாக்கிக்குத்தான் லைசென்ஸ் இருக்கிறதே" என்பார்கள். அது துப்பாக்கியை வைத்துக்கொள்ளக் கொடுத்த காகிதம். உயிரை எடுக்கக் கொடுத்தது இல்லை.

திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது, 1977இல் அறிவித்தது. அதை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகள் மிரண்டுவிடும் என்று தீபாவளிக்குக் கூட வெடி வெடிப்பதில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகள் ஒரு ஊசிவெடி கொளுத்தாமல் இருக்கிறார்கள். அதே சீமையில் நாம் 12 போரைத் தூக்கிக்கொண்டு கண்மாய்க்குப் போவதா? இனி இந்தப் பக்கத்தில் வேட்டை என்று எங்கே வந்தாலும் அது சட்டம் அனுமதிக்கிற வெளிநாட்டு வேட்டை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐயா காலமாகி ஐந்து வருஷமாயிற்று. துப்பாக்கி இரும்புப் பெட்டியிலேயே கிடக்கிறது. என்ன செய்வது?

இதைப் படித்து முடிக்கும் முன்பே செய்ய வேண்டிய வேலை இது. உரிமம் அவருடையது, உங்களுடையது இல்லை. ஆயுதச் சட்டப்படி உரிமதாரர் இறந்தால் துப்பாக்கியைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். வாரிசு வைத்துக்கொள்ள விரும்பினால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் தன் பெயரில் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஐந்து வருஷம் ஆகிவிட்டதே என்று பயந்து இன்னும் தள்ளிப்போடுவதுதான் பெரிய தப்பு. ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு போய் ஒப்படைத்துவிடுங்கள்.

பழைய உரிமப் புத்தகத்தில் ராமநாதபுரம் மாவட்டம் என்று இருக்கும், குழம்ப வேண்டாம். 1985இல் மாவட்டம் பிரிந்தது. காரைக்குடி, தேவகோட்டைக்காரர்கள் போக வேண்டியது சிவகங்கைக்கு. பொன்னமராவதி, திருமயம் பக்கமென்றால் புதுக்கோட்டை. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. உரிமம் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் வைக்கச் சொல்வார்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

12 போர் என்பது எதன் கணக்கு? மில்லிமீட்டரா, அங்குலமா?

இரண்டும் இல்லை. ஒரு பவுண்டு ஈயத்தை, அதாவது 454 கிராமை, 12 சம உருண்டையாகப் பிடித்தால் ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ அதுதான் 12 போர் குழலின் உள்வாய்: 18.5 மி.மீ. அதே ஈயத்தை 20 உருண்டையாகப் பிடித்தால் 20 போர், 15.6 மி.மீ. சீடைக்கு மாவு உருட்டுகிற ஆச்சிக்குச் சொன்னால் உடனே புரியும்: எண்ணிக்கை கூடக் கூட உருண்டை சிறுக்கும். நானூற்றுப்பத்து (.410) என்ற துப்பாக்கி மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அது குழலின் விட்டமே, 0.410 அங்குலம்.

குழலைப் பார்த்து என்ன தோட்டா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எல்லாரும் தோட்டாவில் தொடங்குகிறார்கள். "நல்ல தோட்டா எது?" என்கிறார்கள். தொடங்க வேண்டிய இடம் குழல். அதில் என்ன வெட்டியிருக்கிறதோ அதற்குள்தான் உங்கள் தேர்வு.

துப்பாக்கியை மடித்து, தோட்டா உட்காரும் இரண்டு அறையும் காலி என்று கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலால் தடவியும் பாருங்கள். பிறகு முன்கட்டையைக் கழற்றிக் குழல்களைத் தனியே எடுங்கள். அடியில், அறைக்குக் கீழே தட்டையான பாகத்தில் சின்னச் சின்ன முத்திரைகள் இருக்கும். நம் பக்கத்து வீடுகளில் கிடக்கும் பழைய துப்பாக்கிகளில் நிறைய பர்மிங்ஹாம், லண்டன் சரக்கு. அங்கே தயாரான ஒவ்வொரு குழலையும் அரசு அங்கீகரித்த பரிசோதனைக் கூடத்தில் அதிக அழுத்தத் தோட்டா போட்டு வெடித்துப் பார்த்துத்தான் விற்க விட்டார்கள். அந்தப் பரீட்சையின் மதிப்பெண் பட்டியல்தான் இந்த முத்திரைகள்.

கிரீடத்துக்குக் கீழே என்.பி. என்ற எழுத்துகள் இருந்தால் புகையற்ற நவீன வெடிமருந்துக்குத் தேறியது. பி.பி. (BP) மட்டும் இருந்தால் பழைய கருமருந்துக்கு மட்டும். சாய்சதுரக் கட்டத்துக்குள் 12 என்றும் அதன்கீழ் சி என்றும் இருந்தால் 12 போர் அறை. பக்கத்தில் 2½ அங்குலம் (65 மி.மீ. என்பார்கள்) அல்லது 2¾ அங்குலம் (70 மி.மீ.) என்று அறையின் நீளம் இருக்கலாம். இந்த நீளம்தான் மிக முக்கியம், அடுத்த கேள்வியில் வருகிறேன். எதுவுமே தெளிவாக இல்லை என்றால் துப்பாக்கி சரிபார்க்கும் உரிமம் பெற்ற மிஸ்திரியிடம் அளந்து பார்க்காமல் ஒரு தோட்டாவும் போடாதீர்கள்.

குழலின் மேல்தோலில் ஆத்தங்குடிக் கல்லில் வார்த்தது போல நெளிநெளியாகக் கோலம் தெரிகிறதா? அது டமாஸ்கஸ். இரும்பு, எஃகுக் கீற்றுகளை முறுக்கி, ஒன்றாக அடித்துச் சுருட்டிச் செய்த குழல். பார்க்க அழகு, ஆனால் கருமருந்துக் காலத்துப் பிள்ளை. அந்த ஒட்டுகளுக்கிடையே 100 வருஷமாக என்ன துரு ஏறியிருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. நவீன மருந்துத் தோட்டாவை அதில் போடுவது கையைப் பணயம் வைப்பது. சிலவற்றைப் பின்னாளில் நவீன மருந்துக்கும் பரிசோதித்துத் தேற்றியிருக்கிறார்கள். அப்படியிருந்தும் நான் சுடமாட்டேன். சுடாமல் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

என் துப்பாக்கி அறை 65 மி.மீ. என்கிறார்கள். 70 மி.மீ. தோட்டா அழகாக உள்ளே போகிறது, மூடவும் செய்கிறது. பிறகென்ன?

நானும் இப்படித்தான் ஏமாந்தேன். ஊர் திரும்பிய புதிதில் ஒரு கடையில் தோட்டா வாங்கப் போனேன். கடைக்காரர் அறை நீளம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. டெக்சாஸில் 70க்கும் 76க்கும் பழகிய கை, 12 போர் என்றால் 12 போர்தானே என்று பெட்டியைத் தூக்கிவந்துவிட்டேன். இரண்டு சுட்டதும் தோள் சொல்லிவிட்டது. மூன்றாவதில், துப்பாக்கியைத் திறக்கிற மேல்நெம்புகோல் தானாகவே கொஞ்சம் நகர்ந்து நின்றது. மிஸ்திரி குழலை ஆட்டிப் பார்த்துவிட்டு, "பூட்டுத் தளர்ந்துபோச்சு அண்ணே, இன்னும் நாலு போட்டிருந்தீங்கன்னா பேசவே வேண்டியதில்லை" என்றார். பழுது பார்க்க ஆன செலவைவிட, ஐயா பிடித்த துப்பாக்கியை நானே கெடுத்தேனே என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

நடப்பது இதுதான். தோட்டாவின் மேல் எழுதிய நீளம் வெடித்து விரிந்த பிறகான நீளம். 70 என்று எழுதிய தோட்டா வாய் மடித்திருக்கும்போது 60க்குக் கிட்டத்தட்டத்தான் இருக்கும், ஆகவே 65 அறைக்குள் தாராளமாகப் போகும். வெடிக்கும் கணத்தில் மடித்த வாய் முன்னோக்கி விரிகிறது. அறை முடிந்து குழல் குறுகத் தொடங்கும் இடத்தில் அந்த விரிந்த வாய் போய் நெரிபடுகிறது. ரவை, அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள், வெளியேற வேண்டிய வழி குறுகிவிட, அழுத்தம் ஏறுகிறது. தோட்டா உள்ளே போவதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்பது இதனால்தான். ஒரு விதிவிலக்கு: 67 அல்லது 70 நீளமானாலும் 65 அறைக்கென்றே அழுத்தம் குறைத்துச் செய்த தோட்டாக்கள் பிரிட்டனில் உண்டு. பெட்டியிலேயே அப்படி அச்சிட்டிருந்தால் மட்டும் சரி.

மாறாக, நீளமான அறையில் குட்டைத் தோட்டா போடலாம். ஆபத்தில்லை.

20 போர் தோட்டாவை 12 போரில் தவறிப் போட்டுவிட்டால்?

மிகக் கொடிய தவறு இது. சின்னதுதானே, விழுந்துவிடும் என்று நினைப்பீர்கள். விழாது. அறையைத் தாண்டி நழுவி, குழல் குறுகும் இடத்தில் விளிம்பு மாட்டிக்கொண்டு நிற்கும். பின்னாலிருந்து பார்த்தால் அறை காலி. தோட்டா போட மறந்துவிட்டோம் என்று ஒரு 12 போரைப் போட்டு விசையை இழுத்தால், முன்னால் நிற்கும் தோட்டாவில் மோதிக் குழல் கிழியும்; இடது கை இருக்குமிடத்தில் கிழியும். 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் என்று வழக்கம் வந்ததே இந்த ஒரு காரணத்தால். இரண்டு அளவும் வீட்டில் இருந்தால் ஒரே பையில் போடாதீர்கள், ஒரே அலமாரியில் கூட வேண்டாம்.

நீளமான குழல் தூரமாகச் சுடும் என்று சொல்கிறார்களே?

கருமருந்துக் காலத்தில் அதில் உண்மை இருந்தது. மெதுவாக எரியும் மருந்துக்கு நீளம் தேவைப்பட்டது. இன்றைய மருந்து குழலின் முதல் பாதிக்குள்ளேயே வேலையை முடித்துவிடுகிறது. விநாடிக்கு 365 மீட்டரில் கிளம்பும் ரவையில், குழல் ஓர் அங்குலம் கூடினால் இரண்டு மூன்று மீட்டர் கூடும். எந்தப் பறவைக்கும் அந்த வித்தியாசம் தெரியாது.

நீளம் மாற்றுவது உங்கள் கையை. 30 அங்குலக் குழல் முன்பாரமாக இருப்பதால் வீச்சு நின்று நிதானமாகப் போகும்; தூரத்தில் குறுக்கே பறக்கும் வாத்துக்கும் கிளே தட்டுக்கும் நல்லது. 26 அங்குலம் சட்டென்று திரும்பும். புதருக்குள்ளிருந்து காலடியில் எழும் பறவைக்கு ஏற்றது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 28. உங்கள் உயரத்துக்கும் கை நீளத்துக்கும் கட்டை பொருந்துகிறதா என்பது இந்த இரண்டு அங்குலத்தைவிடப் பெரிய விஷயம்.

சோக் என்றால் என்ன? எனக்கு எது தேவை?

குழலின் முனையில் கடைசி இரண்டு மூன்று அங்குலத்தில் உள்வாயைக் கொஞ்சம் குறுக்கியிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத குறுக்கம்: ஃபுல் சோக் என்பதே ஒரு மில்லிமீட்டர் அளவுதான், மாடிஃபைடு அதில் பாதி, இம்ப்ரூவ்டு சிலிண்டர் கால்பாகம், சிலிண்டர் என்றால் குறுக்கமே இல்லை. இந்தக் கால், அரை மில்லிமீட்டர்தான் ரவை எவ்வளவு சீக்கிரம் சிதற வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது.

அளக்க ஒரு வழக்கமான முறை உண்டு. 40 கெஜம், அதாவது 36 மீட்டரை ஒட்டிய தூரத்தில், 76 செ.மீ. வட்டத்துக்குள் எத்தனை சதவீத ரவை விழுகிறது என்று எண்ணுவது. சிலிண்டரில் 40, இம்ப்ரூவ்டில் 50, மாடிஃபைடில் 60, ஃபுல்லில் 70 என்பது வாய்ப்பாடு.

இதை எங்கள் வீட்டு அளவில் சொல்கிறேன். முகப்பில் நின்று பார்த்தால் பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று கதவுக்குக் கதவு நேராகப் போய்ப் பின்வாசல் தெரியும். எங்கள் வீட்டில் அது 50 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பட்டாலையிலிருந்து எழும் பறவைக்கு சிலிண்டர். வளவின் எதிர்த் தாழ்வாரத்துக்கு இம்ப்ரூவ்டு. இரண்டாம் கட்டுக்கு மாடிஃபைடு. அடுப்படி வாசலுக்கு ஃபுல். பின்வாசலுக்கு எந்தச் சோக்கும் இல்லை: அங்கே போனால் வட்டத்தில் ஓட்டை விழுந்துவிடும், ஒன்றிரண்டு ரவை பட்டுப் பறவை காயத்தோடு போய் எங்கேயோ சாகும். சுடாமல் விட்டுவிடுவதே முறை.

ஃபுல் சோக் வாங்கினால் பெரிய வேட்டைக்காரன் என்ற நினைப்பு நிறையப் பேரிடம் இருக்கிறது. 20 மீட்டரில் ஃபுல் சோக் ஒரு சோற்றுத் தட்டு அகலம்தான் விரியும். தப்பினால் முழுக்கத் தப்பும், பட்டால் கறி மிஞ்சாது. டெக்சாஸில் முதல் செப்டம்பரில் நான் ஃபுல் சோக்கோடு போய் ஒரு பெட்டித் தோட்டாவுக்கு இரண்டு புறா கொண்டுவந்தேன். பக்கத்து வயல் கிழவர் என் குழல் முனையை எட்டிப் பார்த்துவிட்டுத் முனையில் திருகி மாட்டும் தன் இம்ப்ரூவ்டு சிலிண்டர் சோக் குழாயை எடுத்துக் கொடுத்தார். மறுநாள் எட்டு.

இரட்டைக்குழலில் இரண்டு விசை ஏன்?

பெரும்பாலும் வலது குழல் திறந்த சோக், இடது குழல் இறுக்கம். முன்விசை வலதுக்கு, பின்விசை இடதுக்கு. எழும் பறவைக்கு முதலில் வலது, அது தூரம் போய்விட்டால் இடது. ஒரே துப்பாக்கியில் இரண்டு சோக்கைக் கண்ணிமைக்கும் நேரத்தில் தேர்ந்தெடுக்கும் வசதி. முன்கட்டையை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் புதிய ஒற்றைக்குழல் பம்ப் துப்பாக்கியில் இது கிடையாது. அங்கே முனையில் திருகி மாற்றும் சோக் குழாய்கள்தான்.

என் குழலில் என்ன சோக் என்று எப்படி அறிவது?

காகிதத்தில் சுட்டு. வேறு எதையும் நம்பாதீர்கள், முத்திரையைக் கூட. யாராவது பழைய காலத்தில் முனையை வெட்டியிருக்கலாம், உள்ளே குடைந்திருக்கலாம்.

ரேஞ்சில் (சுடுபயிற்சித் தளத்தில்) 36 மீட்டரில் ஒரு மீட்டருக்கு மேல் அகலமுள்ள காகிதத்தை நிறுத்தி நடுவே சுடுங்கள். ரவை அடர்த்தியாக விழுந்த இடத்தை மையமாக்கி 76 செ.மீ. வட்டம் போட்டு ஓட்டைகளை எண்ணுங்கள். 28 கிராம் பிரிட்டிஷ் 6ஆம் எண் தோட்டாவில் ஏறக்குறைய 270 ரவை. வட்டத்துக்குள் 160 விழுந்தால் மாடிஃபைடு. ஒரு காகிதம் போதாது, ஒவ்வொரு குழலுக்கும் ஐந்தாவது வேண்டும். தோட்டாவின் பிராண்டை மாற்றினால் எண்ணிக்கை மாறும், இது அனுபவித்தால்தான் நம்புவீர்கள்.

தோப்பில், கொல்லையில் இதைச் செய்யாதீர்கள். கல்யாணத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுவதும் அப்படியே: 2019 திருத்தத்தின்படி கொண்டாட்டத்துக்கு அஜாக்கிரதையாகச் சுட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மாப்பிள்ளை அழைப்புக்கு வெடிச்சத்தம்தான் வேண்டுமென்றால் சிவகாசி இருக்கிறது.

எல்.ஜி., எஸ்.ஜி., பி.பி. (BB), 6, 7½: இந்தக் குறிகள் என்ன?

ரவையின் பருமன். எண் கூடினால் ரவை சிறிது. அமெரிக்க எண்ணுக்கு ஒரு குறுக்குவழி உண்டு: 17லிருந்து எண்ணைக் கழித்தால் அங்குலத்தில் நூறில் எத்தனை பங்கு விட்டம் என்று வந்துவிடும். 6ஆம் எண்: 17இல் 6 போனால் 11, ஆக 0.11 அங்குலம், 2.8 மி.மீ.

நம் ஊரில் பிரிட்டிஷ் முறை. இந்திய ஆர்டினன்ஸ் தோட்டாக்களும் அதே எழுத்துகளில்தான் வருகின்றன. பிரிட்டிஷ் 6 என்பது 2.6 மி.மீ., அமெரிக்க 6ஐவிடப் பொடி. பெரிய ரவைகளுக்கு எழுத்து: எல்.ஜி. 9.1 மி.மீ., 28 கிராமில் ஆறே ஆறு, எஸ்.ஜி. 8.4 மி.மீ., எட்டு, எஸ்.எஸ்.ஜி. 6.8 மி.மீ., பதினைந்து.

எண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது, ரவை எங்கே போய் விழும் என்பதும் கணக்கில் வர வேண்டும். ரவை பருக்கப் பருக்க ஓட்டமும் கூடும். அமெரிக்க 6ஆம் எண் அதிகபட்சம் 220 மீட்டரை ஒட்டிப் போகும், எஸ்.ஜி. அளவு ரவை 650 மீட்டர் வரை. பறவையைத் தாண்டி அந்தத் தூரத்தில் யார் வீடு இருக்கிறது என்று தெரியாமல் விசையைத் தொடக் கூடாது.

அண்ணன் மகன் அமெரிக்காவிலிருந்து: "சித்தப்பா, எதுக்கு எந்த ரவை, எந்த சோக்? நேரா சொல்லுங்க."

நேராகவே சொல்கிறேன் தம்பி, அமெரிக்க எண்ணில். புறாவுக்கு ஈயம் 7½ அல்லது 8, இம்ப்ரூவ்டு சிலிண்டர். முயலுக்கு 6. ஃபெசன்ட்டுக்கு 5, காற்றடிக்கும் சீசன் கடைசியில் 4, சோக் மாடிஃபைடு. வாத்துக்கு ஸ்டீல் 2 அல்லது 4, மாடிஃபைடு. பெருவாத்துக்கு ஸ்டீல் பி.பி. வான்கோழி உட்கார்ந்த இடத்தில் தலையைக் குறிவைப்பது, அதற்கு மட்டும் இருப்பதில் இறுக்கமான சோக். மானுக்கு உன் மாநிலத்துச் சட்டப் புத்தகத்தைப் பார். சில இடத்தில் ஸ்லக் (ஒற்றைக் குண்டுத் தோட்டா) மட்டும், சில இடத்தில் ரைஃபிளும் உண்டு.

புலம்பெயர் பறவைக்குப் பம்ப் துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறாதபடி உள்ளே அடைப்புக்கட்டை இருக்க வேண்டும், அது மத்திய சட்டம். வேட்டையைக் கண்காணிக்கும் வார்டன் முதலில் அதைத்தான் சோதிப்பார்.

வாத்துக்கு ஏன் ஸ்டீல்? ஈயம் நல்லா இருக்குமே?

ஈயம் கனம், அடர்த்தி 11.3. ஸ்டீல் 7.8தான். சுடுவதற்கு ஈயமே மேல், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஏரியடியில் விழுந்த ஈய ரவையைக் கூழாங்கல் என்று வாத்து விழுங்குகிறது. அரைப்பையில் அது அரைபட்டு ரத்தத்தில் கலந்து, நாம் சுடாத வாத்தும் விஷமேறிச் சாகிறது. அமெரிக்காவில் 1991இலிருந்து நீர்ப்பறவை வேட்டைக்கு நாடு முழுக்க ஈயம் தடை. வாத்துக்குப் போகும்போது பையில் ஈயத் தோட்டா இருந்தாலே குற்றம். போன வாரப் புறாத் தோட்டா ஒன்று பாக்கெட்டில் தங்கிவிட்டது என்றால் கேட்கமாட்டார்கள்.

இலகுவானதால் ஸ்டீலில் இரண்டு எண் பெரிதாகப் போக வேண்டும்: ஈயம் 6 போட்ட இடத்தில் ஸ்டீல் 4. அத்தோடு ஸ்டீல் நசுங்காது. ஈயம் சோக்கில் நெரிந்து போகும். ஸ்டீல் சோக்கை நெரித்துக்கொண்டு போகும். ஆகவே ஃபுல் சோக்கில் வேண்டாம். பழைய மெல்லிய குழலில் வேண்டவே வேண்டாம், முனையில் மோதிரம் போட்டது போல வீங்கிவிடும். ஐயா காலத்துத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு வெளிநாட்டில் வாத்துச் சுட ஆசைப்படுபவர்களுக்குப் பிஸ்மத் இருக்கிறது: ஈயத்தைப் போல மென்மை, அடர்த்தி 9.6. விலைதான் கண்ணைக் கட்டும்.

3½ அங்குல மேக்னம் (நீளமான, பலமான தோட்டா) வாங்கலாமா?

தோள் உங்களுடையது. நான் வாங்கமாட்டேன். 70 அல்லது 76இல் முடியாதது பெரும்பாலும் குறியில் உள்ள கோளாறு.

ஸ்லக் எந்தக் குழலில்?

ஒற்றைக் குண்டு அது. வழவழக் குழலென்றால் வரிவெட்டிய ஈய ஸ்லக், சிலிண்டர் அல்லது இம்ப்ரூவ்டு சோக். குழலுக்குள்ளேயே முறுக்குவரி வெட்டியிருந்தால் பிளாஸ்டிக் உறையில் வரும் சேபாட் ஸ்லக். வரிக்குழலில் ரவைத் தோட்டா போட்டால் ரவை சுழன்று வளையமாக விரிந்து நடுவில் ஒன்றும் இருக்காது.

சில பழைய ஆங்கிலக் குழல்களில் குண்டுக்கு ஆகாது என்ற பொருளில் ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். சோக் வந்த தொடக்க காலத்து முத்திரை, 1875லிருந்து 1887 வரை. உங்கள் குழலில் அது இருந்தால் வயதும் தெரிந்துவிட்டது, ஸ்லக் கூடாது என்பதும் தெரிந்துவிட்டது.

காட்டுப்பன்றி கடலையைத் தோண்டிவிடுகிறது. பயிர்ப் பாதுகாப்புக்கென்றே வாங்கிய லைசென்ஸ் இருக்கிறது. சுடலாமா?

நீங்களாகச் சுட முடியாது. உயிருக்கோ பயிருக்கோ கேடு செய்யும் விலங்கைச் சுட அனுமதிக்கும் அதிகாரம் வனவிலங்குச் சட்டத்தில் அதிகாரிகளுக்குத்தான் இருக்கிறது. வனத்துறைக்கு மனுக் கொடுங்கள், சேதத்துக்கு நிவாரணமும் கேளுங்கள். கடலைக் கொல்லையை இழந்தவனின் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். ஆனாலும் பதில் மாறாது.

பெட்டகத்தில் பழைய காகிதத் தோட்டா ஒரு டப்பா இருக்கிறது. வெடிக்குமா?

வெடிக்கலாம், வெடிக்காமலும் போகலாம், அரைகுறையாக வெடித்து, மருந்துக்கும் ரவைக்கும் நடுவிலுள்ள உள்ளடைப்பு குழலின் நடுவே நின்றுவிடலாம். மூன்றாவதுதான் பயங்கரம்: அடுத்த தோட்டா அந்த அடைப்பில் மோதும். சுட்டபோது சத்தம் சொத்தென்று கேட்டால் உடனே நிறுத்தி, காலியாக்கி, குழல் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

ஐப்பசி மழை ஈரத்தில் காகிதத் தோட்டா உப்பிவிடும். உப்பியதைத் தட்டி உள்ளே செருகுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அடுப்பில் போட்டு அழிக்கலாமா என்று கேட்டவரும் உண்டு! உரிமத்தில் ஏறிய தோட்டா என்றால் வியாபாரியிடம் கணக்கோடு ஒப்படையுங்கள். யாருடையதென்றே தெரியாதது என்றால் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

ஹெச்-1பி விசாவில் இருக்கிறேன். அமெரிக்காவில் துப்பாக்கி வாங்கலாமா?

தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது அங்கே பொதுவிதி. அதில் ஒரு விலக்கு: ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையிலிருந்தால் தடை விலகும். லைசென்ஸ் காலாவதியான மறுநாள் அதே துப்பாக்கி குற்றமாகிவிடும், அதனால் தேதியைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை. டெக்சாஸில் 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். நான் முடித்தேன், வகுப்பில் வேட்டி கட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

ஊரில் சுட்டுப் பழக எங்கே போவது?

பக்கத்திலேயே புதுக்கோட்டை. ராயல் புதுக்கோட்டை ஸ்போர்ட்ஸ் கிளப்பில் ஷாட்கன் ரேஞ்ச் இருக்கிறது. புதுக்கோட்டைத் தொண்டைமான் குடும்பத்துப் பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் ட்ராப் பிரிவில் சுட்டார். அதற்கு முந்தைய ஆண்டு ஹாங்சோ ஆசியப் போட்டியில் அணித் தங்கம் வாங்கியவர்களில் ஒருவர்.

ட்ராப்பில் 110 மி.மீ. தட்டு ஒன்று முன்னாலிருந்து விலகிப் பறக்கும். தோட்டாவில் 24 கிராமுக்கு மேல் ரவை கூடாது. விலகிப் போவதால் இறுக்கமான சோக். ஸ்கீட்டில் தட்டு பக்கத்தில் குறுக்கே போகும், அங்கே கிட்டத்தட்ட சிலிண்டர். மேலே சோக் பற்றி எழுதியதையெல்லாம் ஒரு உயிரையும் எடுக்காமல் இந்த இரண்டிலும் கண்ணால் பார்த்துவிடலாம். ஐயாவின் துப்பாக்கியைத் தினப் பயிற்சிக்குக் கொண்டுபோகாதீர்கள், கிழவரை ஓட்டப்பந்தயத்தில் நிறுத்துவது மாதிரி.

குழலுக்குத் தேங்காயெண்ணெய் போடலாமா? அப்பச்சி அதைத்தான் போடுவார்கள்.

என் அப்பச்சியும் அதைத்தான் போட்டார்கள். சமையல் எண்ணெய் நாளாகக் காறிப் பிசினாகும், விசைக்குள் இறங்கினால் மிஸ்திரி வீட்டுக்கு நடக்க வேண்டும். துப்பாக்கி எண்ணெய், அது இல்லையென்றால் தையல் மிஷின் எண்ணெய் மெல்லிசாகப் போதும். சுட்ட அன்றைக்கே பின்புறமிருந்து முனை நோக்கித் துடையுங்கள். தோலுறைக்குள் மாதக்கணக்கில் வைக்க வேண்டாம், தோல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். பருத்தித் துணி சுற்றிப் பூட்டுப் போட்ட பீரோவில் நிமிர்த்தாமல் படுக்கவைத்தால், அல்லது முனை கீழே வரும்படி நிறுத்தினால், எண்ணெய் கட்டைக்குள் வடிந்து மரத்தை இற்றுப்போகச் செய்யாது. தோட்டா வேறு பீரோவில், வேறு சாவியில்.

வேட்டைக்குக் கொண்டுபோன பையையே ஊருக்கு எடுத்துவரலாமா?

எடுத்துவராதீர்கள். மடிப்பில் ஒரே ஒரு தோட்டா தங்கியிருந்தால் போதும், விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்துவிடும், ஆயுதச் சட்டத்தில் வழக்காகும். தெரியாமல் வந்தது என்று நிரூபிக்க நீங்கள்தான் அலைய வேண்டும். வேறு பெட்டி வாங்குவது மலிவு.